முணுமுணுப்பைக் கேட்கும் பேரவை: பங்கு அருட்பணிப் பேரவை உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

பங்குத்தந்தையரோடு சேர்ந்து, அவர்களுக்கு ஆலோசனை கூறும் அருட்பணிப் பேரவைகளிலும் நிதிக்குழுக்களிலும் பணியாற்றும் அன்பார்ந்த சகோதர சகோதரிகளே,

கிறிஸ்துவின் அமைதி உங்களோடு இருப்பதாக.

தங்கள் ஆன்மிகத் தேவைகளையும் விருப்பங்களையும் திருச்சபையின் மேய்ப்பர்களுக்குத் தெரிவிக்க இறைமக்களுக்கு உரிமை உண்டு என்றும், திருச்சபையின் நன்மை பற்றிய தங்கள் கருத்தை உரிய மரியாதையோடு எடுத்துரைப்பது சில வேளைகளில் அவர்களுக்குக் கடமையாகவே ஆகிறது என்றும் 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு தன் 212ஆம் சட்டத்தில் கூறுகிறது. அந்தக் கடமையை நினைத்தே, பொதுநிலை இறைமக்களில் ஒருவனாக இம்மடலை உங்களுக்கு எழுதுகிறேன். வேற்றுமையில் ஒற்றுமை என்ற பேச்சு நம் மறையுரைகளிலும் மன்றாட்டுகளிலும் அடிக்கடி வருகிறது. ஆனால் அது மெய்யாகிறதா இல்லையா என்பது முடிவாவது உங்கள் கூட்ட அறையில்தான் என்பது என் உறுதியான எண்ணம். அங்கே யார் பேசுகிறார், யாருடைய குறை குறிப்பேட்டில் ஏறுகிறது, யாரைக் கேட்காமலேயே தீர்மானம் எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்தே ஒரு பங்கு ஒரே குடும்பமாகவோ, ஒரே ஆலயத்தை நேரம் பிரித்துப் பயன்படுத்தும் பல குழுக்களாகவோ ஆகிறது.

ஒரு சங்கத்தில் ஒத்த விருப்பமுள்ளவர்கள் தாங்களாகச் சேர்கிறார்கள். பங்கில் யாரும் யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை. குறிப்பிட்ட எல்லைக்குள் வாழும் இறைமக்கள் அனைவரையும் உள்ளடக்கியதே பங்கு என்பது பொது விதி என்று 518ஆம் சட்டம் சொல்கிறது. வழிபாட்டு முறை, மொழி, நாட்டினம் போன்றவற்றை முன்னிட்டுத் தனிப்பங்குகள் அமைக்க அதே சட்டம் இடம் தந்தாலும், அது விதிவிலக்காகவே நிற்கிறது. ஆகவே, தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழும் குடும்பமும் சென்ற மாதம் வந்து சேர்ந்த குடும்பமும், இரவுப் பணி முடித்து நேரே திருப்பலிக்கு வருபவரும் ஓய்வு பெற்றவரும், தனியாகப் பிள்ளைகளை வளர்க்கும் தாயும், மறைநூலைக் கரைத்துக் குடித்தவரும், நேற்றுத்தான் திருமுழுக்குப் பெற்றவரும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் அமர்வது தற்செயலாக நேர்ந்ததன்று. பங்கு அமைக்கப்பட்ட விதமே அது. இவர்களுள் சிலரை வீட்டாராகவும் சிலரை விருந்தாளிகளாகவும் நடத்தும் பழக்கம் எந்தப் பேரவையின் தீர்மானத்தாலும் தொடங்கியிராது. யாரும் கவனிக்காததால் அது வேரூன்றியிருக்கும், அவ்வளவே. அதைக் கவனிப்பதற்கென்றே நீங்கள் இருக்கிறீர்கள்.

பல பங்குகளில் ஒற்றுமைக்கு அடையாளமாகக் கொள்ளப்படுவது அமைதி. யாரும் எதிர்த்துப் பேசவில்லை, கடிதம் எழுதவில்லை, எனவே நாம் ஒன்றாக இருக்கிறோம் என்று எண்ணிவிடுகிறோம். இந்த எண்ணத்தைத் திருத்தூதர் பணிகள் நூலின் ஆறாம் அதிகாரம் தகர்க்கிறது. எருசலேமின் முதல் கிறிஸ்தவச் சமூகத்தில், அன்றாடப் பகிர்வில் தங்கள் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்கம் பேசுவோர் எபிரேய மொழி பேசுவோர்மீது முறையிட்டார்கள். பெந்தக்கோஸ்துப் பெருவிழாவின் நெருப்பு இன்னும் அணையாத காலம் அது. உடைமைகளைப் பொதுவாக வைத்து வாழ்ந்த சமூகம் அது. அங்கேயே மொழியின் பெயரால் ஒரு பிரிவினர் விடுபட்டுப்போனார்கள் என்பதை அந்நூலின் ஆசிரியர் லூக்கா மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார்.

திருத்தூதர் பன்னிருவர் அந்த முறையீட்டை எப்படி எதிர்கொண்டார்கள் என்பதில்தான் நாம் கற்க வேண்டியது மிகுதியாக இருக்கிறது. முணுமுணுத்தவர்களை அவர்கள் கடிந்துகொள்ளவில்லை. ஒற்றுமையைக் குலைக்காதீர்கள் என்று அறிவுரை கூறவுமில்லை. சீடர்கள் எல்லாரையும் ஒன்றுகூட்டி, நற்சான்று பெற்ற எழுவரை நீங்களே தெரிந்தெடுங்கள் என்றார்கள். தெரிந்தெடுக்கப்பட்ட எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். ஸ்தேவானும் பிலிப்பும் அவர்களுள் முன்னவர்கள். கடைசியாகக் குறிப்பிடப்படும் நிக்கொலா, யூதராகப் பிறக்காமல் யூத மறையைத் தழுவிய அந்தியோக்கியர். குறை சொன்ன தரப்பின் கையிலேயே பகிர்வின் பொறுப்பு முழுவதும் ஒப்படைக்கப்பட்டதாகத் தெரிகிறது. பெரும்பான்மையினர் தங்கள் பங்குக்கு இரண்டு மூன்று இடங்களைக் கேட்டுப் பெற்றதாக அந்த அதிகாரத்தில் ஒரு சொல்லும் இல்லை. இதைத் தொடர்ந்து வரும் வசனம், கடவுளின் வார்த்தை மேலும் பரவியது என்றும் சீடரின் எண்ணிக்கை பெருகியது என்றும் சொல்கிறது. ஒரு முறையீட்டை நேர்மையாகக் கேட்டதற்கும் நற்செய்தி வளர்ந்ததற்கும் இடையிலுள்ள தொடர்பை லூக்கா வேண்டுமென்றே அருகருகே வைத்தார் என்றே நான் நம்புகிறேன்.

அதே நூலின் பதின்மூன்றாம் அதிகாரம் அந்தியோக்கியச் சபையின் தலைவர்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறது. சைப்பிரசைச் சேர்ந்த லேவியரான பர்னபா, நீகர் எனப்பட்ட சிமியோன், வடஆப்பிரிக்கச் சிரேன் நகரத்து லூக்கியு, குறுநில மன்னன் ஏரோதோடு வளர்ந்த மனாயீன், தர்சு நகரத்துச் சவுல் ஆகிய ஐவரும் ஒரே ஊரில் ஒன்றாக நோன்பிருந்து மன்றாடினார்கள். ஒருவர் ஊர் மற்றவர் ஊரன்று. ஒருவர் வளர்ந்த சூழலும் மற்றவருடையதன்று. பவுலின் தூதுரைப் பயணங்கள் இந்தக் கலப்பான குழுவிலிருந்துதான் புறப்பட்டன. உங்கள் பேரவையின் பெயர்ப்பட்டியலை இந்தப் பட்டியலின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுகிறேன்.

பேரவை ஆலோசனை கூறும் அமைப்பு மட்டுமே என்பதை அறிவேன். 536ஆம் சட்டத்தின்படி, ஆயர் பொருத்தமெனக் கருதினால் அமைக்கப்படுவது அது. பங்குத்தந்தையே அதன் தலைவர். ஆனால் கூட்டொருங்கியக்கம், அதாவது இறைமக்கள் அனைவரும் சேர்ந்து பயணிப்பது, குறித்த ஆயர் மாமன்றம் 2024ஆம் ஆண்டு அக்டோபரில் வெளியிட்ட இறுதி ஆவணம், இத்தகைய பங்கேற்பு அமைப்புகளைக் கட்டாயமாக்க வேண்டும் என்று முன்மொழிந்திருக்கிறது. மறைமாவட்ட அருட்பணிப் பேரவையைப் பற்றிப் பேசும் 512ஆம் சட்டமோ, பல்வேறு பகுதிகளையும் சமூக நிலைகளையும் தொழில்களையும் கருத்தில் கொண்டு, அங்குள்ள இறைமக்கள் முழுவதையும் பிரதிபலிக்கும் வகையில் உறுப்பினர்கள் தெரிந்தெடுக்கப்பட வேண்டும் என்கிறது. மறைமாவட்டத்திற்குச் சொன்னது பங்கிற்குப் பொருந்தாது என்று வாதிட முடியாது.

நடைமுறையில் நிகழ்வது வேறு. ஆண்டுகள் கடந்தும் அதே முகங்கள் தொடர்கின்றன. அவர்கள் நல்லவர்கள், உழைப்பவர்கள், அதில் ஐயமில்லை. ஆனால் கூட்டம் வைக்கப்படும் நேரமே கூலி வேலைக்குச் செல்பவரையும் கைக்குழந்தை உள்ளவரையும் விலக்கிவிடுகிறது. பேசப்படும் மொழி, அதைத் தட்டுத்தடுமாறிப் பேசுபவரின் வாயை அடைத்துவிடுகிறது. இளையோருக்கு ஓர் இடம், பெண்களுக்கு ஓர் இடம் என்று ஒதுக்கிவிட்டு, அவர்களிடம் விழா நாளின் அலங்காரத்தையும் சிற்றுண்டியையும் மட்டும் ஒப்படைத்தால், பட்டியல் நிறைகிறதே தவிரப் பேரவை மாறுவதில்லை. புதிதாக வந்தவரிடம் நிதியைப் பற்றியும் மறைக்கல்வியைப் பற்றியும் கருத்துக் கேட்கும் நாளில்தான் அவர் உண்மையாகவே உறுப்பினராகிறார்.

அடுத்து, ஞாயிறு திருப்பலி. கொரிந்து நகரச் சபையினர் ஆண்டவரின் திருவிருந்துக்குக் கூடியபோது வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு தாங்கள் கொண்டுவந்ததை உண்டார்கள். ஏழைகள் பசியோடு இருந்தார்கள். இப்படிக் கூடுவது ஆண்டவரின் திருவிருந்தே ஆகாது என்று பவுல் அவர்களுக்கு எழுதினார். நற்கருணை ஏற்படுத்தப்பட்ட நிகழ்வை அவர் எடுத்துரைப்பது இந்தக் கண்டனத்தின் நடுவில்தான் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். யாக்கோபின் திருமுகம் இன்னும் வெளிப்படையாக, பொன் மோதிரமும் பகட்டான உடையும் அணிந்து வருபவருக்கு நல்ல இருக்கையைக் காட்டிவிட்டு, அழுக்கு உடையோடு வரும் ஏழையை ஓரமாக நிற்கச் சொல்வதைப் பாகுபாடு என்றே பெயரிட்டுக் கண்டிக்கிறது. இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் ஞாயிறு வழிபாட்டை விவரித்த புனித ஜஸ்டின், நகரத்தாரும் நாட்டுப்புறத்தாரும் ஓரிடத்தில் கூடுவதையும், வசதியுள்ளவர்கள் விரும்பித் தருவதைக் கொண்டு அநாதைகள், கைம்பெண்கள், நோயாளிகள், சிறையில் உள்ளவர்கள், அந்நியர்கள் ஆகியோரைத் தலைவர் பேணுவதையும் சேர்த்தே எழுதினார். அவருக்கு இவை இரண்டும் ஒரே வழிபாட்டின் இரு பகுதிகளாகவே தெரிந்தன.

இன்று பீடத்தின் அருகே நின்று வாசகம் வாசிப்பவர் யார், காணிக்கைப் பொருள்களை ஏந்தி வருபவர் யார், மன்றாட்டுகளில் யாருடைய துயரம் சொல்லப்படுகிறது என்று தொடர்ந்து சில ஞாயிறுகள் உற்றுப் பாருங்கள். சக்கர நாற்காலியில் வருபவர் வாசிக்க விரும்பினால் பீட முற்றத்திற்கு அவர் ஏறிவர வழி உண்டா? காது கேளாதவருக்கு மறையுரை எப்படிப் போய்ச் சேருகிறது? இவற்றைக் கட்டடச் செலவாகப் பார்க்காமல் வழிபாட்டின் பகுதியாகவே பார்க்கும்படி வேண்டுகிறேன். உடலில் வலுவற்றவையாகத் தோன்றும் உறுப்புகளே மிகவும் தேவையானவை என்று பவுல் எழுதியது அறிவுரைக்காக மட்டும் எழுதப்பட்டதன்று.

பல மொழியினர் வாழும் பங்குகளில் மொழிவாரித் திருப்பலிகள் தேவை என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஒருவர் தன் பாவத்திற்காக அழுவதும் தன் இறந்தோருக்காக மன்றாடுவதும் தாய்மொழியில்தான் இயல்பாக வருகின்றன. அதை அவரிடமிருந்து பறிக்கும் ஒற்றுமை எனக்கு வேண்டாம். ஆனால் ஆண்டு முழுவதும் காலை ஒரு மொழியினரும் மாலை வேறு மொழியினரும் வந்துபோய், வாசலில் கூட ஒருவரையொருவர் சந்திக்காத நிலை ஏற்பட்டால், அதற்குப் பங்கு என்று பெயர் வைப்பது கடினம். 1963ஆம் ஆண்டு இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, நம்பிக்கையையோ முழுச் சமூகத்தின் நன்மையையோ தொடாதவற்றில் இறுகிய ஒரே வடிவத்தைத் திணிக்கத் திருச்சபை விரும்புவதில்லை என்று சொல்கிறது; அதே ஏடுதான் ஞாயிறு திருப்பலியை ஒன்றுகூடிக் கொண்டாடுவதன் வழியாகப் பங்கில் சமூக உணர்வு வளர வேண்டும் என்றும் கேட்கிறது. இரண்டையும் சேர்த்துப் பிடிப்பதே நமக்கு இடப்பட்ட பணி.

இதற்கு வழியும் காட்டப்பட்டிருக்கிறது. பாஸ்கா விழாக் கொண்டாட்டங்களைப் பற்றி 1988ஆம் ஆண்டு வெளிவந்த சுற்றுமடல், உயிர்ப்புப் பெருவிழாவின் இரவு வழிபாடான திருவிழிப்பைத் தனிக்குழுக்களுக்கென்று தனியாக நடத்துவதை ஊக்குவிக்கக் கூடாது என்கிறது. மற்ற எந்த வழிபாட்டையும்விட அந்த இரவில்தான் இறைமக்கள் ஒன்றாகக் கூடித் தாங்கள் ஒரே திருச்சபை என்று உணர வேண்டும் என்பது அது தரும் காரணம். ஆகவே அந்த இரவின் ஏழு பழைய ஏற்பாட்டு வாசகங்களையும் பங்கில் உள்ள மொழிகளுக்குப் பகிர்ந்து கொடுங்கள். ஆண்டவர் கற்பித்த இறைவேண்டலை அவரவர் தம் மொழியில் ஒரே நேரத்தில் சொல்லட்டும். எல்லாருக்கும் தெரிந்த பொதுவான பாடல்கள் சிலவற்றைப் பாடகர் குழுக்கள் கூடிப் பயிலட்டும். பெரிய வியாழனன்று காலடிகள் கழுவப்படுவோரைத் தெரிவு செய்யும் விதியை 2016ஆம் ஆண்டு ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் மாற்றியபோது, ஆண்களும் பெண்களும், இளையோரும் முதியோரும், நலமுள்ளோரும் நோயுற்றோரும் என இறைமக்களின் பன்மையையும் ஒருமையையும் காட்டும் வகையில் அக்குழு அமைய வேண்டும் என்று விரும்பினார். அந்தத் தெரிவு பெரும்பாலும் உங்கள் கையில்தான் வந்து சேருகிறது. நன்கொடை தந்தவர்களையும் பொறுப்பில் இருப்பவர்களையும் கொண்டு அந்த இருக்கைகளை நிரப்பாதீர்கள்.

பக்தி முயற்சிகளில் உள்ள வேறுபாடு இன்னொரு வகை. ஒருவர் மௌனமாக நற்கருணைமுன் அமர விரும்புகிறார். இன்னொருவர் கைகளை உயர்த்திப் பாடிப் புகழ்கிறார். ஒருவருக்குச் செபமாலை, மற்றவருக்கு மறைநூல் வட்டம். ஒருவரை ஒருவர் குறை சொல்லாதவரை இதில் எந்தத் தீங்கும் இல்லை. உயிர்ப்புப் பெருவிழாவை எந்த நாளில் கொண்டாடுவது என்பது இவற்றைவிடப் பெரிய கேள்வி. அதைப் பற்றிப் பேச, இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் ஸ்மிர்னாவின் ஆயரான புனித பொலிக்கார்ப்பு உரோமைக்கு வந்தார். அவரும் திருத்தந்தை அனிசேத்தும் உடன்பாட்டுக்கு வரவில்லை. இருவரும் தத்தம் மரபையே காத்துக்கொண்டார்கள். ஆயினும் அனிசேத்து தம் ஆலயத்தில் நற்கருணை வழிபாட்டை நடத்தும் சிறப்பைப் பொலிக்கார்ப்புக்கு அளித்தார். அவர்கள் அமைதியோடு பிரிந்தார்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு இதே காரணத்திற்காக சின்ன ஆசியச் சபைகளைத் திருத்தந்தை விக்டர் விலக்க முற்பட்டபோது, இந்த நிகழ்வை நினைவூட்டி அவரைத் தடுக்க எழுதியவர் புனித இரேனியு. உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய நோன்பு முறையில் உள்ள வேறுபாடே நம்பிக்கையில் உள்ள ஒற்றுமையை உறுதிப்படுத்துகிறது என்பது அவர் எழுதியதன் பொருள். இன்றும் இலத்தீன் திருச்சபையும் 23 கீழைத் திருச்சபைகளும் தத்தம் முறைமைகளோடு ஒரே கத்தோலிக்கத் திருச்சபையாக இருக்கின்றன. இவ்வளவு அகலமான வீட்டில் இருந்துகொண்டு, பாடலின் தாளத்திற்காகப் பாடகர் குழுக்கள் பேசாமல் இருப்பது வருத்தம் தருகிறது.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். எல்லா வேற்றுமையும் கொடை அன்று. பிறப்பின் பெயரால் உயர்வு தாழ்வு பாராட்டுவதும், பணத்தின் பெயரால் முதலிடம் பெறுவதும், நீண்ட காலம் இருந்தோம் என்ற பெயரால் மற்றவரை அடக்குவதும் பன்மையின் பட்டியலில் சேரா. அவற்றைப் பேண வேண்டிய மரபு என்று யாரேனும் சொன்னால் நீங்கள் எழுந்து மறுக்க வேண்டும். கிறிஸ்துவில் யூதர் என்றும் கிரேக்கர் என்றும், அடிமை என்றும் உரிமைக் குடிமகன் என்றும், ஆண் என்றும் பெண் என்றும் இல்லை என்று பவுல் கலாத்தியருக்கு எழுதினார். திருமுழுக்குப் பெற்ற அனைவருக்கும் மாண்பிலும் செயலிலும் உண்மையான சமத்துவம் உண்டு என்று 208ஆம் சட்டம் சொல்கிறது. யூதரல்லாத பிற இனத்தாரோடு ஒரே பந்தியில் உண்டுவந்த பேதுரு, சிலருக்கு அஞ்சிப் பின்வாங்கியபோது, அந்தியோக்கியாவில் எல்லார் முன்னிலையிலும் பவுல் அவரைக் கண்டித்தார். பேதுரு தம் போதனையை மாற்றிக்கொள்ளவில்லை. பந்தியிலிருந்து எழுந்துபோனார், அவ்வளவுதான். அதுவே நற்செய்தியின் உண்மைக்குப் புறம்பானது என்று பவுலுக்குத் தோன்றியது. யாருடைய வீட்டுத் துக்கத்திற்குப் பங்கு திரள்கிறது, யாருடைய வீட்டுத் துக்கத்திற்கு நான்கு பேர் மட்டும் வருகிறார்கள் என்பதும் இதே வகைக் கேள்விதான்.

நிதிக்குழுவினருக்குச் சில வரிகள். ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தாக வேண்டும் என்று 537ஆம் சட்டம் விதிக்கிறது. இறைமக்கள் அளித்தவற்றுக்கு அவர்களிடமே கணக்குக் காட்ட வேண்டும் என்று 1287ஆம் சட்டம் கூறுகிறது. வறுமையின் காரணமாக ஒருவர் அருளடையாளங்களின் உதவியை இழந்துவிடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது 848ஆம் சட்டம். நிலுவைத் தொகையைக் காட்டித் திருமணத்தையோ அடக்கத்தையோ தாமதப்படுத்தும் நிலை எங்கும் வரக் கூடாது. கணக்கு அறிக்கையை எல்லாருக்கும் புரியும் மொழியில், எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் வையுங்கள். பாதி சந்தேகங்கள் அதிலேயே தீரும்.

இத்தனை பேரையும் கேட்டுக்கொண்டிருந்தால் எந்த முடிவும் எடுக்க முடியாது என்று நீங்கள் சொல்லக்கூடும். அந்த அச்சம் நியாயமானதே. திருத்தூதர் பணிகள் பதினைந்தாம் அதிகாரம் சொல்லும் எருசலேம் சங்கத்தைப் பாருங்கள்: பிற இனத்தார் விருத்தசேதனம் செய்துகொள்ள வேண்டுமா என்ற கேள்வியில் நெடிய வாதம் நடந்தது, பேதுரு பேசினார், பர்னபாவும் பவுலும் தாங்கள் கண்டதை எடுத்துரைத்தார்கள், எல்லாரும் அமைதியாகக் கேட்டார்கள், பின்னர் யாக்கோபு முடிவை முன்வைத்தார். முடிவு எடுக்கப்பட்டது, எழுதப்பட்டது, அந்தியோக்கியாவுக்கு அனுப்பப்பட்டது. கடிதத்தை மட்டும் அனுப்பாமல், அதில் உள்ளதை நேரில் விளக்கிச் சொல்ல பர்சபா எனப்பட்ட யூதாவையும் சீலாவையும் உடன் அனுப்பினார்கள். புதிதாக நம்பிக்கை கொண்டவர்கள்மீது இன்றியமையாதவற்றைத் தவிர வேறு சுமையை ஏற்றுவதில்லை என்று தீர்மானித்தார்கள். உங்கள் தீர்மானங்கள் ஒவ்வொன்றும் யார்மேல் சுமையாக இறங்குகிறது என்று கேட்பதற்கும், அவர்களிடம் போய் நேரில் விளக்குவதற்கும் இருவரை அனுப்ப எந்தப் பங்கிற்கும் இயலும்.

ஆகவே உங்களிடம் வைக்கும் வேண்டுகோள் இதுதான். அடுத்த கூட்டத்தைத் தொடங்குமுன் திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரத்தின் முதல் ஏழு வசனங்களை உரக்க வாசியுங்கள். பிறகு, ஏழைகளையும் துன்புறுவோரையும் தனிமையில் வாடுவோரையும் தாய்நாட்டைவிட்டு வந்தோரையும் பங்குத்தந்தை தனி அக்கறையோடு தேடிச் செல்ல வேண்டும் என்று 529ஆம் சட்டம் சொல்வதை மனத்தில் வைத்து, இந்தப் பேரவையில் இதுவரை குரல் கேட்கப்படாதவர்கள் யார் என்று வெளிப்படையாகப் பேசுங்கள். அப்படி அடையாளம் காணப்படும் பிரிவுகளிலிருந்து இருவரையாவது அவர்களே தெரிந்தெடுக்க, பேரவையில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களால் வர முடிகிற நேரத்துக்குக் கூட்டத்தை மாற்றுங்கள். அவர்கள் எழுப்பிய குறையின் பொறுப்பையே, தேவையான நிதியோடு, அவர்களிடம் ஒப்படையுங்கள். ஓராண்டு முடிந்ததும் பேரவை தங்களை எப்படி நடத்தியது என்று அவர்களிடமே கேட்டு, அவர்கள் சொல்வதை ஒரு சொல்லும் மாற்றாமல் குறிப்பேட்டில் எழுதி, அந்தப் பக்கத்தைப் பங்கு மக்கள் அனைவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

இறைவேண்டலில் உங்களோடு இணைந்திருக்கும்,
ஒரு பங்கு உறுப்பினன்